பூட்டு மட்டும் போதுமா?

ஈரோட்டு மஞ்சள் கிடங்கின் கதவில் எத்தனை பெரிய பூட்டுத் தொங்கினாலும், கூரை ஒழுகினால் மஞ்சள் கெட்டுவிடும். திருடன் வராமலே வணிகர் முதலை இழப்பார். கணிப்பொறி பயிலும் நாம் இந்த எளிய உண்மையை மறந்துவிடுகிறோம் என்பதே என் கருத்து.

கோவை நூற்பாலைக் கணக்கும் கல்லூரித் தேர்வு மதிப்பெண்ணும் இன்று கணிப்பொறியில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது நம்மிடையே உள்ள தீய பழக்கம். நானும் அதைச் செய்தவன்தான். இதற்கு மாற்றாக 2015-இல் வெளிவந்ததே 'வால்ட்' என்னும் இரகசியக் காப்பு மென்பொருள். அது ஒவ்வோர் இரகசியத்தையும் மறையெழுத்தாக்கிய பிறகே சேமிப்புக்கு அனுப்புகிறது. அச்சேமிப்பிடம் போஸ்ட்கிரெஸ் போன்ற உறவுமுறைத் தரவுத்தளமாகவும் இருக்கலாம். திறவுகோலை ஐந்து பங்காக்கி, மூன்று சேர்ந்தால்தான் திறக்கும்படி வைக்கலாம். இது 1979-இல் ஷமீர் என்னும் அறிஞர் கண்ட வழி.

"தரவுத்தளத்தைத் திருடினாலும் மறையெழுத்துத்தானே கிடைக்கும்? பிறகென்ன கவலை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திருட்டுக்கு அது சரியான விடை. அழிவுக்கு அது விடையாகுமா? மறையெழுத்து சிதைந்தால் உரியவனாலும் அதை மீட்க முடியாதே!

ஓர் இரகசியத்தைப் புதுப்பிக்கும்போது அதன் புதிய வடிவம் ஒரு பதிவாகவும், அதைப் பற்றிய குறிப்பு மற்றொரு பதிவாகவும் எழுதப்படுவதுண்டு. இடையில் மின்சாரம் நின்றால்? இரண்டும் நிகழவேண்டும், அல்லது இரண்டும் நிகழக்கூடாது. இதைத்தான் நம் பாடநூல் 'பரிவர்த்தனை' என்கிறது. வால்ட் உரிமம் 2023-இல் மாறியதும் கிளைத்த 'ஓப்பன்பாவ்' இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. முன்பு, 'இருந்தால் திருத்து, இல்லையேல் சேர்' என்பதற்குத் தனிச் செயல்கூறு எழுத வேண்டியிருந்தது; 2016-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.5 அதை ஒரே கட்டளையாக்கியது. தாய்ப்பாதைக்கு ஒரு சுட்டு அமைத்தால், அதன் கீழுள்ளவற்றைப் பட்டியலிட முழு அட்டவணையையும் துழாவ வேண்டியதில்லை. சிறிய திருத்தங்கள்தாம், ஆனால் கூரையைக் காப்பவை இவையே.

காட் 1970-இல் வகுத்த உறவுமுறைக் கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அது போதாது. எழுதும்போதே இணைப்பைத் துண்டித்துப் பார்ப்பதையும், காப்புப் பிரதியிலிருந்து மீட்டுக் காட்டுவதையும் நம் ஆய்வகப் பயிற்சியாக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். பிரதி ஓரிடத்திலும் திறவுகோல் பங்குகள் வேறிடங்களிலும் இருக்கட்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்பி எந்த ஆலையும் நம்மிடம் சாவியைத் தராது, நண்பர்களே!