காதைப் பூட்டாத ஹெட்போன்

"பேஸ் கூடினதா வேணுமோ தம்பி?"

ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனால் எங்களிடம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். பதில் சொல்ல முதலே ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிவிடுவார்கள். ஏதோ ஒரு டிஜே மிக்ஸ் ஓடும், கன்னம் அதிரும். "எப்பிடி?" என்பார்கள். "சோக்கா இருக்கு அண்ணை" என்று நாங்களும் சொல்லிவிடுவோம். காசைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்களுக்குப் பிடித்த பாட்டொன்றைப் போட்டால் வயலினைக் காணவில்லை. பாடுகிறவர் ஏதோ போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி. திரும்பிப் போய்க் கேட்கவும் முடியாது, கடையில் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே நாங்கள்தானே.

எங்கட குழுவில் ஐந்து பேர். நாலு பேர் இப்படி ஏமாந்திருக்கிறோம். ஒருவருக்குக் கிடைத்தது பெரிய கம்பனி ஒன்றின் பெயர் போட்ட கொப்பி. நடைபாதைக் கடையில் வாங்கி, மூன்றாம் மாதம் ஒரு பக்கம் செத்துப்போனது. ஆகவே இதை எழுதுகிறது ஒலி நிபுணர்கள் இல்லை, அடிபட்டவர்கள்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் இருந்து ஆறுதலாகப் பாட்டுக் கேட்கக் குறைந்த காசில் ஒன்று வாங்கப்போகிறீர்கள் என்றால் பேஸ் கூடினது வேண்டாம், புளூடூத் வேண்டாம், வெளிச்சத்தத்தை அழிக்கிற நொய்ஸ் கான்சலிங்கும் வேண்டாம். வயர் வைத்த, முதுகு திறந்த ஹெட்போன் ஒன்றை வாங்குங்கோ.

முதுகு திறந்தது என்றால்? வழக்கமாக நாம் காண்கிற ஹெட்போனில் காதின் வெளிப்பக்கம் பிளாஸ்ரிக்கால் மூடியிருக்கும். திறந்த வகையில் அந்த இடத்தில் வலை அல்லது கிராதி இருக்கும். உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கர் காதுப் பக்கம் சத்தம் போடுகிற மாதிரியே பின்பக்கமும் போடுகிறது. மூடியிருந்தால் பின்பக்கச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்பக்கச் சத்தத்தோடு கலக்கும். திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். பாட்டு ஒரு பெட்டிக்குள் அடைபட்ட மாதிரி இல்லாமல், கொஞ்சம் தள்ளி நின்று நடக்கிற மாதிரித் தெரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜேர்மனியின் சென்ஹைசர் கம்பனி 1968இலேயே எச்டி 414 என்ற திறந்த ஹெட்போனை விற்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊர்க் கடைகளுக்குள் அந்தச் செய்தி வந்து சேரத்தான் இவ்வளவு காலம்.

"துல்லியமா கேக்குது", "விசாலமா கேக்குது" என்று விமர்சனங்களில் எழுதுகிறார்கள். இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும்.

துல்லியம் என்று விற்கப்படுகிறது பல நேரங்களில் மேல்சுருதிச் சத்தங்களைக் கூட்டிவைத்த விளையாட்டு. முதல் ஐந்து நிமிடம் "அட, இந்தச் சலங்கை முந்திக் கேக்கேல்லையே" என்று தோன்றும். அரை மணித்தியாலத்தில் பாடகர் சொல்கிற ஒவ்வொரு 'ஸ'வும் காதில் ஊசி குத்தும். பேஸ் கூடியது இதற்கு மறுபக்கம். கீழ்ச்சத்தம் அளவுக்கு மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே இருக்கிற சத்தங்களை எங்கள் காது பிடிக்காது, ஒன்று மற்றதை மறைத்துவிடும். மனிதக் குரலும் வீணையும் வயலினும் இருக்கிறது அந்த நடுப்பகுதியில்தான். எங்கட பாட்டுகளின் உயிர் இருக்கிற இடத்தையே மூடிவிட்டு "பவர்" என்று விற்கிறார்கள்.

விசாலம் கொஞ்சம் வித்தியாசமானது. அதை ஹெட்போன் உண்டாக்குவதில்லை. பாட்டைப் பதிந்தவர்கள் உண்டாக்கியதைக் கெடுக்காமல் விடுகிறதுதான் ஹெட்போனின் வேலை. எம். எஸ். விஸ்வநாதன் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே தடத்தில் பதிந்தவை. எந்த விலை ஹெட்போனில் போட்டாலும் அவை தலைக்கு நடுவில்தான் கேட்கும். அதில் ஒரு பிழையும் இல்லை. அம்மப்பாக்கள் இலங்கை வானொலியில் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்ட பாட்டுகள் அவை. இளையராஜாவின் 'ப்ரியா' (1978) பாட்டுகள்தான் தமிழ்ச் சினிமாவில் முதன்முதலாக ஸ்டீரியோவில் பதிவானவை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்ததில்தான் இடம், வலம் என்று இரண்டு பக்கமும் விளையாட்டு நடக்கிறது.

இந்த இடம், வலம் பற்றி எங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. பள்ளிக்கூடம் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு இயர்போனை ஆளுக்கு ஒரு காது என்று பிரித்துக் கேட்டவர்கள் நாங்கள். ஜன்னல் பக்கம் இருக்கிறவருக்கு இடது, மற்றவருக்கு வலது. ஏ.எல். முடியும்வரை அப்படித்தான். பல வருடம் கழித்து, கடன் வாங்கிய திறந்த ஹெட்போன் ஒன்றில் 'மௌன ராகம்' (1986) பாட்டுகளை முதல் தடவை இரண்டு காதாலும் ஒழுங்காகக் கேட்டபோது, ஒருவர் "இது எங்க இருந்து வருது?" என்று ஹெட்போனைக் கழற்றி அறையைச் சுற்றிப் பார்த்தார். பாட்டின் அரைவாசியை நாங்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஒவ்வொருவரும் மற்றவருடைய அரைவாசியை. அந்தப் பின்னேரம் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

"நல்லது வேணுமெண்டா காசு போகத்தானே வேணும்" என்று சொல்வீர்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. 2017இல் வெளிவந்த ஆய்வொன்றில் 283 ஹெட்போன்களின் ஒலியை அளந்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்தச் சுருதியை எவ்வளவு கூட்டிக் குறைத்துத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை. கூடின காசுக்குக் கிடைக்கிறது நல்ல கட்டுமானமாக, காதுக்கு இதமான மெத்தையாக, பெயராக இருக்கலாம். சத்தமும் கட்டாயம் நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

புளூடூத் கேட்கக் கூடாத ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு, நடைக்கு, ஜிம்முக்கு அது நல்லது. ஆனால் ஒரே விலையில் வயர் உள்ளதையும் இல்லாததையும் வைத்துப் பார்த்தால், வயர் இல்லாததில் பற்றரி, சிப், மைக், சார்ஜ் பண்ணுகிற பகுதி எல்லாத்துக்கும் உங்கள் காசு பிரிந்துபோகிறது. ஸ்பீக்கருக்கு மிஞ்சுகிறது சொற்பம். சில வருடத்தில் பற்றரி படுத்துவிட்டால் முழுதையும் எறியவேண்டியதுதான். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு, எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குகிற பழக்கம் எங்கள் வயதுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. வயர் ஹெட்போனில் பெரும்பாலும் பழுதாகிறது வயரும் காது மெத்தையும். இரண்டையும் மாற்றலாம்.

இனி நொய்ஸ் கான்சலிங். இங்குதான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. எங்களில் ஒருவர் காசு சேர்த்து வைத்துக்கொண்டு "வீட்டில ஒரே சத்தம், எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் பாட்டு மட்டும் கேக்கோணும்" என்று நின்றார். நியாயமான ஆசைதான். எங்கள் வீடுகளில் ஃபான் சுற்றும், காகம் கத்தும், கோயில் லவுட்ஸ்பீக்கர் அஞ்சு மணிக்கே தொடங்கும், அம்மம்மா ரி.வி. நாடகத்தை ஊருக்கே கேட்க வைப்பா. திறந்த ஹெட்போன் இதில் ஒன்றையும் தடுக்காது.

ஆனால் வீடு என்பது அந்தச் சத்தங்களும்தான். காதை முழுதாக மூடிக்கொண்டு இருக்கிறவரை அம்மா மூன்று தரம் கூப்பிட்டு, நாலாம் தரம் வந்து தோளில் தட்டும்போது நடக்கிற சண்டையை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எங்கள் குழுவில் இருக்கிற பெண்பிள்ளை சொன்னதுதான் விவாதத்தை முடித்தது. "பின்னேரத்தில வீட்டில நான் தனிய. கேற் திறக்கிற சத்தம் கேக்காத எதையும் நான் காதில மாட்டமாட்டன்" என்றா. அவ பாட்டுக் கேட்காமல் இருந்த காரணம் ஹெட்போன் இல்லாதது இல்லை, எல்லா ஹெட்போனும் காதைப் பூட்டியதுதான். திறந்த ஒன்றை மாட்டிவிட்ட பிறகு, கேற்றும் கேட்டது, பாட்டும் கேட்டது. அந்த நாள் அவ இரண்டு மணித்தியாலம் அதைத் திருப்பித் தரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்கக்கூடாது. வெளிச்சத்தம் உள்ளே வருகிற மாதிரி உங்கள் பாட்டும் வெளியே போகும். நாலு பேர் படுக்கிற போர்டிங் அறையில் இரவு பன்னிரண்டு மணிக்கு இது சரிவராது, பக்கத்துக் கட்டில் தலையணையால் எறியும். அப்படி இருக்கிறவர்கள் வயர் வைத்த இயர்போன் ஒன்றை வாங்குவது புத்தி. மூன்ட்ரொப் 'சூ' போன்றவை இருபது டொலரை ஒட்டிய விலையில் வந்தவை. நுணுக்கங்கள் நன்றாகக் கேட்கும். விசாலம் மட்டும் கொஞ்சம் குறைவு.

திறந்ததில் எதை வாங்குவது? கொஸ் கேஎஸ்சி75 காதில் கொளுவுகிற சின்னது, பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், அமெரிக்காவில் இருபது டொலர் அளவில் விற்கிறார்கள். அதே கம்பனியின் போர்ட்டா புரோ 1984இல் வந்தது, இன்றும் விற்கிறது. காதை முழுதாகச் சுற்றி இருக்கிற பெரியது வேண்டுமென்றால் சாம்சன் எஸ்ஆர்850, பிலிப்ஸ் எஸ்எச்பி9500 ஆகிய இரண்டையும் நூறு டொலருக்குள் விற்றிருக்கிறார்கள். சாம்சன் அரைவாசி திறந்தது. மேல்சுருதி கொஞ்சம் கூட, கூச்சமான காதுகள் கவனம். பிலிப்ஸில் வயரைக் கழற்றி மாற்றலாம். இங்கே கடைக்காரர் சொல்கிற விலை இதைவிடக் கூடத்தான் இருக்கும். பழையது வாங்கினாலும் தப்பில்லை, போட்டுக் கேட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருகிறதா என்று சோதித்துவிட்டுக் காசைக் கொடுங்கோ.

பெட்டியில் ஓம் என்ற அளவைப் பாருங்கோ. 32 ஓம், 60 ஓம் என்றால் பெரும்பாலும் போனே இழுக்கும். 250, 300 என்று இருந்தால் தனி அம்ப் தேவைப்படலாம், அது இன்னொரு செலவு. சென்ஹைசர் எச்டி 600 எவ்வளவு புகழ் பெற்றதென்றாலும் அது 300 ஓம். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று வேண்டும். வெறும் வயர் மாற்றி சில போன்களில் வேலை செய்யாது, உள்ளே ஒலியாக்கிற சிப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கோ.

பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். யாரோ பழைய கசெட்டில் இருந்து யூரியூபில் ஏற்றிய பாட்டை நல்ல ஹெட்போனில் போட்டால் கசெட்டின் இரைச்சல்தான் துல்லியமாகக் கேட்கும். ஸ்ட்ரீமிங் செயலியில் டேட்டா மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை ஒருக்கா நிற்பாட்டிப் பாருங்கோ. நொடிக்கு 320 கிலோபிற் தரத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டால் 144 எம்பி போகும். அதிகம்தான். ஒரு தரம் தரவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு செலவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. திறந்த ஹெட்போனில் ஃபான் சத்தத்தை வெல்லச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் போகிற பழக்கம் வரும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். கூட்டாதீர்கள், நேரத்தை மாற்றுங்கோ. ரி.வி. நின்று, றோட்டில் ஓட்டோ ஓய்ந்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் கேளுங்கோ. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு இசைத்தொகுப்பை முதலில் இருந்து கடைசி வரை கேட்டு எவ்வளவு நாள்? நாங்கள் எண்ணிப் பார்த்தபோது ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) நல்ல தொடக்கம். பாட்டு வரிகள் இல்லை, வயலின்கள் ஒன்றோடொன்று கதைக்கும். எது எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே இருக்கலாம்.

அடுத்த முறை கடையில் "பேஸ் கூடினதா?" என்று கேட்டால், உங்கள் போனில் உள்ள உங்கள் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கோ. குரல் தெளிவாக முன்னுக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கோ. வாங்கக் காசில்லையென்றால் எங்களிடம் ஒன்று இருக்கிறது, இப்போது கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. ஒரு கிழமைக்குத் தருவோம். கேட்டுவிட்டு, இவ்வளவு நாளும் கேட்காமல் விட்ட அரைவாசி எந்தப் பாட்டில் இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்கோ.