தாமிரபரணியில் நீந்தலாம், வாருங்கள்!

உங்களுக்கு நீந்தத் தெரியுமா, சகோதரி?

"இதென்ன கேள்வி! அடுப்படியை விட்டு நகர நேரமில்லை, நீச்சலாம் நீச்சல்!" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக் கொள்வது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பாட்டியின் பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமையிலே ஆற்றங்கரையாக இருந்தால், அவரைக் கேட்டுப் பாருங்கள். ஆற்றில் எது கசம், எது சுழி, எந்தக் கல் வழுக்கும் என்று வரிசையாகச் சொல்லுவார். காலி வெண்கலக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக் கொண்டு மிதந்ததையும், பாவாடைக்குள் காற்றைப் பிடித்துப் பந்து போலாக்கித் தோழியரோடு போட்டி போட்டதையும் சொல்லும்போது அந்தக் கிழ முகத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கொண்டு கற்றவர்களும் உண்டு. வகுப்பு இல்லை, கட்டணம் இல்லை. துணி துவைக்கப் போன இடத்தில் வந்து சேர்ந்த வித்தை அது.

பேத்தியின் கதை வேறு. அவளுக்குக் கணினி தெரியும், கார் ஓட்டத் தெரியும், நாலு பாஷை தெரியும். ஆனால் கழுத்தளவுத் தண்ணீரைக் கண்டால் பயம். குழாயும் வாளியும் வீட்டுக்குள் வந்த பிறகு ஆற்றுக்கும் நமக்கும் உறவு விட்டுப் போய்விட்டது. அந்த உறவைப் புதுப்பிக்க இந்த வாரம் உங்களைத் தாமிரபரணிக் கரைக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். மாற்றுத் துணியும் துண்டும் எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளையும் கூப்பிடுங்கள்.

தாமிரபரணிக்கு ஒரு விசேஷம் உண்டு. பொதிகை மலையிலே பிறந்து, சுமார் 128 கிலோ மீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பதும் தமிழ்நாட்டில், முடிவதும் தமிழ்நாட்டில். அண்டை மாநிலத்தாரிடம் கையேந்த வேண்டிய அவசியம் இல்லை. தென்மேற்குப் பருவ மழை, வடகிழக்குப் பருவ மழை இரண்டுமே இதற்குத் தண்ணீர் தருவதால் வற்றாத ஜீவநதி என்று பெயர் வாங்கியிருக்கிறது. போகிற வழியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்று இரண்டு போக நெல் விளைவது இவற்றின் புண்ணியத்தில்தான்.

சென்னையிலிருந்து புறப்படுகிறவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு படுத்தால் காலையில் திருநெல்வேலியில் கண் விழிக்கலாம். இறங்கியவுடன் பக்கத்திலே ஆறு இருக்கிறதே என்று குதித்துவிட வேண்டாம்! நகரத்தைத் தாண்டும் இடத்தில் ஆற்றின் கதி பரிதாபம். ஊர்ச் சாக்கடை கலக்கிறது. ஆகாயத் தாமரை படர்கிறது. இது பற்றிய வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போயிருக்கின்றன. ஆகவே நகரத்தில் ஆற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்வோம். 1843-ல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்த அந்தப் பாலத்தைச் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தவர் அந்த முதலியார். அப்புறம் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றுக்குள்ளேயே வீற்றிருக்கும் முருகனைத் தரிசித்து வாருங்கள். அந்தக் கோயிலைப் பற்றிப் பின்னால் ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும்.

குளிப்பதற்கு மேற்கே போக வேண்டும். செங்கோட்டை ரயில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றங்கரை ஊர்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். இரு புறமும் வயலும் வாழையும், தூரத்தில் மலை.

முதலில் சேரன்மகாதேவி. நவகைலாயத் தலங்களில் ஒன்று இது. ஆறு இங்கே அகலமாகவும் சாதுவாகவும் ஓடுகிறது. மணல் திட்டும் முழங்கால் அளவுத் தண்ணீருமாக இருக்கும் இடத்தில் குழந்தைகளை அமர்த்தலாம்.

அடுத்தது திருப்புடைமருதூர். வீரவநல்லூருக்கு வடக்கே உள்ள சிற்றூர். கடனா நதி வந்து தாமிரபரணியோடு கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள்ளே பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள பெரிய மரங்களிலே கொக்கும் நாரையும் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. பறவைகளின் கூச்சலுக்காக ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. 2005-ல் இந்த இடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு படித்துறையில் உட்கார்ந்து மேலே பார்த்துக் கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

கல்லிடைக்குறிச்சியும் அம்பாசமுத்திரமும் ஆற்றின் இக்கரையும் அக்கரையும். குளித்தால் பசிக்கும். பசித்தால் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இருக்கிறது! தாமிரபரணித் தண்ணீர்தான் திருநெல்வேலி அல்வாவுக்கு ருசி தருகிறது என்று சொல்லுவார்களே, அதே நியாயம் அப்பளத்துக்கும் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னும் மேற்கே போனால் பாபநாசம். மலையை விட்டு ஆறு சமவெளியில் இறங்கும் வாசல் அது. பாபநாசநாதர் கோயிலுக்கு எதிரே படித்துறை. தண்ணீர் ஐஸ் போல் இருக்கும்; வேகமும் அதிகம். இங்கே முங்கி எழுவதோடு சரி, நீச்சல் வேண்டாம். மேலே வனத்துறைச் சாவடியைக் கடந்தால் அகஸ்தியர் அருவி. மின்சார நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீர் இருப்பதால் மற்ற அருவிகள் ஓய்ந்த காலத்திலும் இது ஓயாது. மணிமுத்தாறு அருவி, மாஞ்சோலை போகிற வழியிலே இருக்கிறது. இவையெல்லாம் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வனத்துறையார் அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் நேரத்தில்தான் போகலாம். புறப்படுமுன் விசாரித்துக் கொள்வது நலம்.

குற்றாலத்தை விட்டுவிட முடியுமா? 2019 முதல் அது தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிவிட்டது. ஆனால் அங்கே ஓடும் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து விடுவதால் நமக்கு உறவுதான். ஆனி, ஆடியில் சாரல் காலம். பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவிலே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகத்தைத் தணித்துக் கொண்டு, அப்புறம் நம்மிடம் வருகிறது. பெண்களுக்குத் தனி இடம் இருப்பது பெரிய சௌகரியம். எண்ணெய், சோப்பு, ஷாம்பு அங்கே உபயோகிக்கக் கூடாது என்பது நீதிமன்றம் போட்ட தடை. அருவிக்கு அவை எதற்கு? அதன் அடியே தேய்த்துக் குளிப்பாட்டிவிடுமே!

சரி, எப்போது போகலாம்? அருவிக்குச் சாரல் காலம்; ஆற்றுக்குத் தை முதல் பங்குனி வரை. அப்போது வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. இங்கேதான் குறுக்குத்துறை சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால், அங்குள்ள உற்சவ மூர்த்தியைக் கரையிலுள்ள மேலக் கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். கோயில் தண்ணீருக்குள் மூழ்கும். வெள்ளம் வடிந்த பிறகுதான் திரும்பி எழுந்தருளுவார். முருகனே கரையேறிவிடுகிறார், நாம் எம்மாத்திரம்?

இதை வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் வேடிக்கை அல்ல. 2024 மே 17-ந் தேதி பழைய குற்றால அருவியில் ஜனங்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மலையில் என்ன நடக்கிறதென்று யார் கண்டது? தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கரையேறிவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு முங்கு!" என்ற கெஞ்சலுக்கு இடமே கொடுக்காதீர்கள். அணையில் தண்ணீர் திறக்கும்போதும் நீர் மட்டம் சொல்லாமல் ஏறும்.

இன்னொரு அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. மணல் அள்ளிய பள்ளங்கள்! பார்வைக்கு முழங்கால் ஆழம். அடுத்த அடி வைத்தால் ஆளை விழுங்கும் குழி. முதுபெரும் தலைவர் ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்றம் 2010-ல் ஐந்து ஆண்டுத் தடை விதித்தது. ஆனாலும் தோண்டிய பள்ளங்கள் உத்தரவைக் கேட்டு உடனே மூடிக் கொள்வதில்லை. ஆகவே புது இடத்தில் இறங்குமுன் துணி துவைத்துக் கொண்டிருக்கும் அம்மாவைக் கேளுங்கள். "அங்கன போகாதீய, கசம் கெடக்கு" என்று அவர் சொன்னால், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

முழுகுகிறவர்கள் சினிமாவில் வருவது போல "காப்பாற்றுங்கள்!" என்று கூச்சல் போடுவார்கள் என்று நினைத்திருக்கிறோம். நிஜத்தில் மூச்சு விடவே நேரமில்லாதவர்களுக்குக் கத்த நேரம் ஏது? சத்தமில்லாமல், வாய் நீர் மட்டத்தில் ஏறி இறங்க, கைகளால் தண்ணீரை அழுத்திக் கொண்டு, நிமிஷ நேரத்தில் அடங்கிவிடுவார்கள். தண்ணீரில் விளையாடும் குழந்தை திடீரென்று மௌனமாகிவிட்டால், அதுதான் கூக்குரல். குழந்தைகள் குளிக்கும்போது கரையில் ஒருவர் வேறு வேலை எதுவும் இல்லாமல் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். கைபேசியும் கூடாது, ஊர்க் கதையும் கூடாது.

ஒருவர் முழுகினால் என்ன செய்வது? 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிக் கொண்டார்கள். கரையிலே மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்கள் யோசிக்கவில்லை. கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசினார்கள். அதைப் பற்றிக் கொண்டு இருவர் பிழைத்தார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. மூவருக்கும் தமிழக அரசு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது அளித்தது. மானத்தைக் காக்கும் சேலை உயிரையும் காத்தது. அந்த மூவர் செய்ததிலே ஒரு பாடமும் இருக்கிறது. முழுகுகிறவரை நோக்கிக் குதித்தால் அவர் நம்மையும் பிடித்து அழுத்திவிடுவார். சேலையோ, துண்டோ, கம்போ, கயிறோ நீட்டி இழுப்பதுதான் முறை.

கரை சேர்த்த பிறகு தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பது, வயிற்றை அமுக்குவது எல்லாம் பழைய வழக்கம்; அவற்றால் தீங்குதான். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவே அழுத்தி மூச்சு வரச் செய்ய வேண்டும். அதே சமயம் ஒருவர் 108-க்குச் சொல்லிவிட வேண்டும்.

"இவ்வளவு பயமுறுத்திவிட்டு நீந்த வாருங்கள் என்கிறீர்களே!" என்கிறீர்களா? பயத்துக்கு மருந்து ஆற்றை விட்டு ஓடுவதல்ல; நீச்சல் கற்பதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் முழுகி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள் என்று அந்த நிறுவனம் வற்புறுத்துகிறது. வங்காள தேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, அதற்குள் குழந்தைகளை இறக்கிக் கற்றுக் கொடுக்கிறார்கள். மூங்கிலும் குளமும் நமக்கு இல்லாத பொருள்களா?

பெண்ணுக்கு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு ஆரதி சாகாவின் பெயரைச் சொல்லுங்கள். கல்கத்தாவில் குளிக்கும் படித்துறையிலே நீந்தப் பழகிய சிறுமி அவர். 1959-ல் முதல் முறை ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று முடியாமல் திரும்பினார். அடுத்த மாதமே, செப்டம்பர் 29-ந் தேதி, மறுபடி இறங்கிக் கடந்தே விட்டார். அதைச் சாதித்த முதல் ஆசியப் பெண் அவர்தான். படித்துறையில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது பாருங்கள்!

உங்கள் மகள் கால்வாயைக் கடக்க வேண்டாம். ஐந்து நிமிஷம் மிதக்கவும், பத்து கெஜம் நீந்திக் கரை சேரவும் தெரிந்தால் போதும். முதலில் நீச்சல் குளத்தில், பழகிய ஆசிரியரிடம் கற்கட்டும். அதன் பிறகு ஆற்றுக்கு அழைத்து வாருங்கள்.

வரும்போது ஆற்றுக்கும் ஓர் உபகாரம் செய்யுங்கள். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்த துணியை ஆற்றிலே விட்டுப் போகிறார்கள். தொண்டர்கள் அவ்வப்போது இறங்கி அந்தத் துணிகளை வாரி எடுக்கிறார்கள். மூட்டை மூட்டையாக வருகிறது! அந்தத் துணி நீந்துகிறவர் காலைச் சுற்றினால் கதி என்ன? நம் பாவத்தைப் போக்கும் நதியின் மேல் நாமே பாவத்தைச் சுமத்தலாமா? ஈரத் துணியைப் பிழிந்து பைக்குள் போடுங்கள். ஷாம்புப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பாட்டியையும் மறக்காமல் அழைத்து வாருங்கள். படித்துறையில் உட்கார வைத்தால் போதும். "காலை உதறு! தலையைத் தூக்காதே!" என்று அவர் போடும் சத்தத்தில் பேத்தி பாதி நீச்சல் கற்றுக் கொண்டுவிடுவாள்.