டர்பன் மேசையில் யாருக்கு நாற்காலி?

மாதிரி ஐ.நா. என்று கோட்டு சூட்டோடு நடத்துகிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையில்லை. வெளியுறவுக் கொள்கை எப்படி முடிவாகிறது என்பதைக் கல்லூரி வகுப்பில் நாற்பது நிமிடத்தில் நடித்துப் பார்க்கிறோம்.

முதலில் 1946. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் ஒதுக்கப்படுவதை ஐ.நா.வில் இந்தியா எழுப்புகிறது. "எங்கள் உள்நாட்டு விவகாரம்" என்கிறது தென்னாப்பிரிக்கா. இந்தியத் தரப்பு மாணவர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்து 2001, அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறி எதிர்ப்பு மாநாடு. இப்போது அவர்களே டெல்லி அதிகாரிகள். சாதியை அங்கே பேச விடலாமா? பத்தே நிமிடத்தில் முடிவு: "சாதி இனமல்ல, உள்நாட்டு விவகாரம்." வாஜ்பாய் அரசு அன்று சொன்னதும் இதுதான். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இந்த மேசையில எங்க ஆளுங்க யாரு சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பிரதமர், அமைச்சர், செயலாளர், தூதர் என்று வேடங்களைப் பிரித்தவன் நான். டர்பன் வரை போய்ப் போராடிய தலித் அமைப்புகளுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை. சாதியை விவாதிக்கலாம் என்ற தேசிய மனித உரிமை ஆணையத்தையும் விட்டுவிட்டேன். அரசு செய்ததையே நானும் செய்திருக்கிறேன்.

இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லை 1965இல் சேர்க்க வைத்ததே இந்தியாதான். அடுத்த வகுப்பில் நாற்காலியோடு அந்தத் தகவல் சீட்டும் அவளுக்குத்தான்.