பத்திகளுக்கு நடுவே ஓர் ஒழுங்கு

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பக்கம் கட்டிய காலத்தில், அச்சுக்கோப்பவர் வரிகளுக்கிடையே எவ்வளவு கனமுள்ள தகட்டைச் செருகினாரோ அவ்வளவு இடைவெளி, மதுரையில் விற்ற பிரதியிலும் கொழும்புக்குப் போன பிரதியிலும் மாறாமல் நின்றது. இன்றோ ஒரே கட்டுரை ஓர் உலாவியில் பத்தி பத்தியாகப் பிரிந்தும், மற்றொன்றில் ஓரமும் இடைவெளியும் கெட்டு நெருக்குண்டும் தோன்றுவதை இணையத்தின் சுபாவம் என்று எண்ணிச் சகித்துக்கொள்கிறோம். இந்தச் சகிப்பு அனாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1994 அக்டோபரில் ஹோகன் வியும் லீ சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் முறையை முன்மொழிந்தபோதே, பக்கத்தை ஆக்குபவரின் விருப்பமும் படிப்பவரின் விருப்பமும் கலந்து தோற்றம் அமைய வேண்டும் என்பது அதன் ஆதாரக் கொள்கையாக இருந்தது. ஆக்கியவர் மௌனமாக இருக்கும் இடத்தில் உலாவி தன் சொந்த சம்பிரதாயத்தைக் கையாளும். அந்தச் சம்பிரதாயங்கள் முன்பு பெரிதும் வேறுபட்டிருந்தன. பட்டியலை உள்ளே தள்ளும் 40 பிக்சலை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பெட்டிக்கு வெளியேயும், மொசில்லா பெட்டிக்கு உள்ளேயும் வைத்தன. இப்போது எச்.டி.எம்.எல். தரவிதியே இயல்பளவுகளை வகுத்துரைப்பதால் அந்தப் பேதங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

மறையாதது வேறொன்று. உலாவிக்குள்ளேயே கட்டுரையைத் தட்டச்சு செய்யும் பெட்டியில் என்டர் விசையைத் தட்டினால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பத்திக் குறியைச் செருகியது. குரோம் 'டிவ்' குறியைச் செருகுகிறது. 2018இல் வந்த 60ஆம் பதிப்புக்கு முன் ஃபயர்பாக்ஸ் வெறும் வரிமுறிவையே செருகியது. இவற்றுள் பத்திக் குறி ஒன்றுக்குத்தான் இயல்பாக இடைவெளி உண்டாதலால், இடைவெளி காணாதவர் விசையை மறுமுறை தட்ட, பல கைகள் பட்ட கட்டுரையில் ஓரிடம் ஒட்டியும் ஓரிடம் இரட்டிப்பாய் விலகியும் கிடக்கிறது.

தமிழுக்கு இந்தச் சிரமம் அதிகம். வரியின் உயரத்தை நடைத்தாள் சொல்லாதபோது, எழுத்துருவுக்குள் பொதிந்துள்ள அளவே வரியின் உயரமாகிவிடுகிறது; அந்த அளவோ விண்டோஸின் நிர்மலாவுக்கும் ஆண்ட்ராய்டின் நோட்டோவுக்கும் ஆப்பிளின் தமிழ் சங்கத்துக்கும் ஒன்றல்ல. ரோமன் எழுத்துக்கென்று இறுக்கி வகுத்த அளவை அப்படியே எடுத்தாண்டாலோ, மேல்வரியில் 'சு', 'பூ' ஆகியவற்றின் கால் கீழே இறங்க, கீழ்வரியில் மெய்யின் புள்ளியும் 'கீ'யின் சுழியும் மேலே எழும்ப, இரண்டும் உரசிக் கண்ணைக் களைப்புறச் செய்கின்றன. முதியவர்கள் பாதியிலேயே படிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

பரிகாரம் எளிது. வரி உயரம் எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாமலும், பத்தி இடைவெளி பிக்சலில் அல்லாமல் எழுத்தளவின் விகிதத்திலும் இருக்கும்படி நடைத்தாளில் இரண்டு வரிகள் எழுதிவைத்தால் போதும். வெற்று வரிகளால் இடைவெளி உண்டாக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளின் இணையப் பதிப்புகளை நடத்துவோர் இதனைப் புதிய கட்டுரைகளோடு நிறுத்திவிடாமல், ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துள்ள பழைய கட்டுரைகளுக்கும் செய்துதர வேண்டுகிறேன்.