வீட்டுத் தூய்மையும் சுகாதாரச் சோதனையும்

ஒரு வீட்டுச் சாக்கடை மறுவீட்டுக் கிணற்றைக் கெடுக்கும்; ஒரு தொட்டியிற் பிறந்த கொசு தெரு முழுவதையும் நோயில் ஆழ்த்தும். ஆதலின், சுகாதார அலுவலர் வீடுதோறும் சென்று பார்வையிடுதல் இன்றியமையாதது. எனினும், சோதனை ஒன்றே தூய்மையைத் தந்துவிடாது. வீட்டார்க்கு மனமும் ஆட்சியார்க்குப் பொறுப்பும் வேண்டும்.

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக்கு நோய் பரவியது. அப்பொழுது ராஜ்கோட்டில் அமைந்த சுகாதாரக் குழுவிற் காந்தியடிகள் சேர்ந்து, வீடுதோறும் கழிப்பிடங்களைப் பார்வையிட்டார். ஏழைகள் மறுப்பின்றி இடங்கொடுத்தனர். செல்வர் சிலரோ உள்ளே விடவும் இசைந்திலர். தீண்டாதாரென ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரிக்கு அவருடன் வரக் குழுவினருள் ஒருவரே முன்வந்தார். அங்கே சாணமிட்டு மெழுகிய தரையும், துலக்கிய பாத்திரங்களும் அடிகளுக்கு மகிழ்ச்சியூட்டின. தூய்மை செல்வத்தைப் பொறுத்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, தென்னாப்பிரிக்காவைக் காண்போம். ஜோகானஸ்பர்க்கு நகரின் ஒருபுறத்தே, தமிழர் உள்ளிட்ட இந்தியர் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பொன்று இருந்தது. 1903இல் நகராட்சி அதனைத் தன்னுடைமையாக்கியது. ஆயினும் துப்புரவுப் பணியைச் செவ்வனே ஆற்றவில்லை. 1904 பிப்ரவரியில் காந்தியடிகள் நகரச் சுகாதார அதிகாரிக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். மார்ச்சுத் திங்களில் பிளேக்கு வந்தது. அடிகளும் நண்பர்களும் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து, நோயுற்ற 23 பேரைப் பேணினர். அவருட் பெரும்பாலோர் மாண்டனர். பின்னர் நகராட்சி மக்களை வேறிடத்தில் குடியேற்றி, குடியிருப்பைத் தீயிட்டுக் கொளுத்தியது. குப்பையை அகற்ற வேண்டிய நாளில் அகற்றியிருப்பின், வீடுகளை எரிக்க நேர்ந்திருக்குமோ? மக்களின் அறியாமையும் ஒரு காரணமே என அடிகள் மறையாது கூறினார். எனினும் நகராட்சியின் புறக்கணிப்பை அவர் மன்னித்திலர்.

இவ்வுண்மை எளாவூருக்கும் பொருந்தும். பழவேற்காட்டு ஏரி உவர்நீர் ஏரி. அதனையடுத்த மீனவர் குடில்களில் நன்னீரைக் குடத்திலும் தொட்டியிலும் சேர்த்து வைத்தல் இயல்பு. டெங்குக் கொசு முட்டையிடுவதும் அத்தகைய தெளிந்த நீரிலேயே. முட்டை கொசுவாக ஒரு வாரமளவே போதும். ஆகவே, கலங்களை மூடி வைத்தலும், வாரந்தோறும் தேய்த்துக் கழுவுதலும் வீட்டார் கடன். நாள்தோறும் நல்ல குழாய்நீர் அளித்து, நீரைத் தேக்கிவைக்கும் தேவையையே குறைத்தல் ஆட்சியார் கடன்.

குறை காண வருவோர் குறை தீர்க்கவும் கடமைப்பட்டோராவர். அவர்க்குக் கதவைத் திறப்போர், தம் அண்டை வீட்டாரையும் காப்போராவர்.