இரட்டை ஆட்டமும் ஒரு பழைய பொய்யும்

அமெரிக்காவில் 2011 முதல் ஆண்டுதோறும் 'சாம்பியன்ஸ் கிளாசிக்' என்னும் கல்லூரிக் கூடைப்பந்து நிகழ்வு நடைபெறுகிறது. டியூக், கென்டக்கி, கன்சாஸ், மிச்சிகன் ஸ்டேட் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களின் அணிகள் ஒரே இரவில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் ஆடுகின்றன. களம், வழக்கமாக, வளாகத்துக்கு வெளியே: நியூயார்க், சிகாகோ, இண்டியானாபொலிஸ் போன்ற பெருநகரங்களின் தொழில்முறை அரங்குகள். நாடெங்கும் ஒளிபரப்புவது ஈஎஸ்பிஎன். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றானது. உடனே எழுந்தது புலம்பல்: பணம் புகுந்துவிட்டதாம், மாணவர் விளையாட்டின் தூய்மை கெட்டுவிட்டதாம்.

இந்தப் புலம்பலுக்கு வரலாறு தெரியாது; அல்லது தெரிந்தே மறைக்கிறது.

இத்தகைய இரட்டை ஆட்டத்தைப் பெரும் வணிகமாக்கியவர் நெட் ஐரிஷ் என்ற நியூயார்க் பத்திரிகையாளர். 1934 டிசம்பர் 29 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நான்கு கல்லூரி அணிகளைக் கொண்டு அவர் இரண்டு ஆட்டங்களை நடத்தினார். 16,000-க்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கி வந்தனர். அரங்குக்கு வருமானம், ஏற்பாட்டாளருக்கு வருமானம், கல்லூரிகளுக்குப் பங்கு. ஆடியவர்களுக்கு மட்டும் 'அமெச்சூர்' என்ற பட்டம். ஆக, பணம் 2025-இல் புகவில்லை. அது முதல் இரவிலேயே அரங்கில் இருந்தது.

அந்த ஏற்பாட்டின் விளைவு 1951-இல் வெளிப்பட்டது. முந்தைய ஆண்டில் நாட்டின் இரு பெரும் கோப்பைகளையும் ஒருசேர வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஆட்டக்காரர்கள், சூதாட்டத் தரகர்களிடம் பணம் பெற்றுப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்து ஆடியதாகக் கைது செய்யப்பட்டனர். விசாரணை கென்டக்கி வரை நீண்டது. அப்பல்கலைக்கழகம் 1952-53 பருவம் முழுவதும் ஆட முடியாமற்போனது. இளைஞர்களின் ஒழுக்கக்கேடு பற்றி நாடே பிரசங்கம் செய்தது. பல்லாயிரம் பேர் சீட்டு வாங்கிப் பார்க்கும் ஆட்டத்தில் ஆடுபவனுக்கு நேர்வழியில் காசில்லை என்ற விதியே தரகனுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்பதைச் சொன்னவர் சிலரே.

அதே பத்தாண்டில்தான் 'மாணவ-விளையாட்டு வீரர்' என்ற சொல் உருவாக்கப்பட்டது. உருவாக்கியது என்சிஏஏ, அதன் நிர்வாக இயக்குநராக இருந்த வால்டர் பையர்ஸ் இதைத் தம் நினைவுக்குறிப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நோக்கம் கல்வியைப் போற்றுவதன்று. ஆட்டக்காரர்களைத் தொழிலாளர்களென்று நீதிமன்றங்கள் அறிவித்துவிடுமோ, காயமடைந்தோருக்கு இழப்பீடு தரவேண்டியிருக்குமோ என்ற அச்சமே அதன் பிறப்பிடம். கொலராடோவில், கல்லூரி அணிக்காக ஆடியபோது தலையில் அடிபட்டு இறந்த ஒருவரின் மனைவி இழப்பீடு கோரினார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

"இலவசக் கல்வியே ஊதியந்தானே?" என்பது வழக்கமான எதிர்வாதம். அந்தக் கல்வி எத்தகைய பிடிமானத்தில் இருந்தது? 1973 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், உதவித்தொகையை ஓராண்டுக்கு மேல் உறுதியளிக்க என்சிஏஏ விதிகள் அனுமதிக்கவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிப்பதில் பயிற்சியாளரின் சொல்லே எடுபட்டது. அந்தப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் பெற்றனர். அப்போது தூய்மை குறித்துக் கவலைப்பட்டோர் அரிது.

2021-இல் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்சிஏஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 சமரசம் அந்தப் பாதையில் இன்னோர் அடி. ஆயினும் அதுவும் அரைகுறை நீதியே. 2025-26-இல் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலருக்குமேல் பகிரக்கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. ஆனால் ஆட்டக்காரர்கள் தொழிலாளர்கள் என்ற ஏற்பு இல்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து அணி 13-2 என்ற வாக்குகளில் சங்கம் அமைக்கத் தீர்மானித்தது. கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. ஆண்டு முடிவில், அரசியல் காற்று திசைமாறிய நிலையில், மனுவே திரும்பப் பெறப்பட்டது.

இது விளையாட்டு ரசிகர்களின் கவலை மட்டுமென்று கல்வியாளர்கள் ஒதுங்க இயலாது. ஆய்வகத்திலும் வகுப்பறையிலும் உழைக்கும் ஆய்வு மாணவர்களிடமும் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள் இதே வாதத்தையே வைத்தன: நீங்கள் மாணவர்கள், ஆகவே தொழிலாளர்கள் அல்லர். 2016-இல் கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில் தேசியத் தொழிலுறவு வாரியம் அதை நிராகரித்தது; ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டுமாக இருக்கலாம் என்றது. ஆய்வாளருக்குப் பொருந்தும் அந்த நியாயம் ஆட்டக்காரருக்கு மட்டும் ஏன் பொருந்தாது? நவம்பர் இரவின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசித் தீர்மானிக்கும் மேசையில், அதை ஆடி ஈட்டுவோருக்கும் ஓர் இருக்கை வேண்டும். அதை மறுக்கும்வரை தூய்மையைப் பற்றிப் பேசும் தகுதி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை.