பூண் இல்லாத ஈட்டி வெறும் குச்சி பாஸ்!

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம்னு தலபுராணம். 'புள்'னா பறவை. ராவணன் வாளால் ஜடாயுவோட சிறகை வெட்டின கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வேகத்துல வாள் ஏன் கைப்பிடியை விட்டுக் கழண்டு வரலை? மெக்கானிக்கல் பையனுக்கு இந்தச் சந்தேகம்தான் முதல்ல வருது!

வாளின் அடியில் நீளும் காம்பு, கைப்பிடிக்குள் நுழைந்து இறுகி நிற்கும். ஈட்டிக்கோ, குத்துற வேகத்துல மரக்கம்பு பிளக்கக் கூடாது. அதுக்குத்தான் இரும்புப் பூண். பாட்டி வீட்டு உலக்கை நுனியில இருக்கே, அதே சங்கதி.

காஞ்சிபுரம் வட்டாரத்துல சண்டைக்குப் பஞ்சமே இல்லை. 7-ம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை ஜெயித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்த எதிரி இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கணிப்பு. அதே புள்ளலூரில்தான் 1780-ல் ஹைதர், திப்பு படை ஆங்கிலேயரை இரும்புக்குழாய் ராக்கெட்டால் திணறடித்தது.

பல்லவர் கால ஆயுதம் எப்படி இருந்ததுன்னு பார்க்கணும்னா செங்கம் பக்கத்து நடுகற்கள் இருக்கு. வீரன் கையில் வில், வாள் எல்லாம் அழகா செதுக்கியிருப்பாங்க. ஆனா பூணுக்கு உள்ளே என்ன மரம்னு கல்லு சொல்லாது. இரும்புதான் சொல்லணும். அதுல பாதி துருப்பிடிச்சுப் போச்சு, மீதியைக் கொல்லர் உருக்கி அரிவாளா அடிச்சிருப்பார்!

இங்கதான் மேட்டர் சூடாகுது. துரு வில்லன் மட்டுமில்லை, சாட்சியும்கூட. மண்ணுக்குள்ள பூண் துருப்பிடிக்கும்போது அந்த இரும்பு உப்பு மரத்துக்குள் ஊறும். மரம் மக்கினாலும் அதோட இழை அப்படியே துருவில் பதிஞ்சு நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தா என்ன மரம்னுகூடச் சொல்லிடலாம். எக்ஸ்ரே எடுத்தா துருக்கட்டிக்குள் மறைஞ்சிருக்கிற ஆணி, வளையம் எல்லாம் தெரியும். ஜெர்மனியில் ருண்டர் பெர்க் மலைக்கோட்டை மாதிரி இடங்கள்ல தோண்டி எடுத்த இரும்புத் துண்டுகளுக்கு இதனாலதான் அவ்வளவு மரியாதை.

அதனால உங்க ஊர்ல கிணறு வெட்டும்போது துருப்பிடிச்ச வளையம் ஏதாவது வந்தா, சும்மா பளபளன்னு இருக்கட்டுமேன்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடாதீங்க. அந்தத் தேய்ப்புல மரம் காலி! காயலான் கடைக்கும் வேண்டாம். கலெக்டருக்கு எழுதிப் போடுங்க. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் கிடைச்சாலே தகவல் சொல்லியாகணும். 10 ரூபாய்! இன்னிக்குக் கேன்டீன்ல ஒரு டீ, அவ்வளவுதான்.